கப்பல் ஏறும் முன் எழுதிய கடிதம்

(மஹல்லா மாணவர்களுக்கான கூட்டத்தில் இமாம் அவர்கள் ஆற்றிய உரை)

 

வெளிநாட்டில் படிக்கச் சென்ற பிள்ளை ஊர் திரும்பும் கடைசி நாட்களில் எதை நினைப்பான்? பெட்டியின் எடையை நினைப்பான். யாருக்கு என்ன வாங்கினோம், யாரை விட்டுவிட்டோம் என்று நினைப்பான். மதரஸாவில் ஓதி முடித்து ஸனது பெறும் மாணவனுக்கும் அப்படித்தான். கிதாபுகளைக் கட்டும்போதே மனம் வீட்டுக்குப் போய்விடும். இதில் குற்றமில்லை. ஆனால் அத்தகைய நாட்களில் வேறொன்றை நினைத்த ஒரு மாணவரைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன்.

அவர் நம் மார்க்கத்தைச் சார்ந்தவர் அல்லர். கும்பகோணத்து ஐயங்கார் குடும்பத்துப் பிள்ளை, கணித மேதை சீனிவாச இராமானுஜன். எனினும் நமக்கு முற்றிலும் அந்நியரும் அல்லர். அவருடைய தாய்வழிப் பாட்டனார் பக்கத்திலுள்ள காஞ்சிபுரத்தில் நீதிமன்ற அலுவல் பார்த்தவர். சிறுவயதில் சில காலம் அவரும் காஞ்சியில் வளர்ந்தார். தந்தையார் புடவைக் கடையில் கணக்கெழுதியவர். பட்டுத் தொழிலைச் சுற்றி வாழும் நமக்கு அந்தச் சம்பளத்தின் அளவை விளக்க வேண்டியதில்லை. மாதம் சுமார் 20 ரூபாய்.

1914 மார்ச் 17 அன்று சென்னையில் கப்பலேறி, கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரிக்குச் சென்றார். சில மாதங்களில் முதல் உலகப் போர் மூண்டது. சைவ உணவைத் தாமே சமைத்து உண்டார். கட்டிலில் விரித்திருந்த கம்பளிகளுக்குள் நுழைந்து படுக்க வேண்டும் என்பதுகூடத் தெரியாமல், அவற்றின் மேலேயே படுத்துக் குளிரில் நடுங்கினார். உடன் பயின்ற வங்காள மாணவர் மகலனோபிஸ்தான் அதைச் சொல்லிக் கொடுத்தார். 1917இல் நோய் பற்றியது. அதன் பின் மருத்துவமனைகளே வீடாயின. நோய்ப் படுக்கையில் இருந்தபோதே, 1918இல், ராயல் சொசைட்டியும் டிரினிட்டி கல்லூரியும் அவரைத் தம் உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தன. அந்த ஆண்டு நவம்பரில் போர் ஓய்ந்து, கடல்வழி திறந்தது.

இனிமேல்தான் நான் சொல்ல வந்த செய்தி. 1919 ஜனவரி 11 அன்று, இலண்டன் புட்னியிலுள்ள மருத்துவ விடுதியிலிருந்து சென்னைப் பல்கலைக்கழகப் பதிவாளருக்கு அவர் ஒரு கடிதம் எழுதினார். ஆண்டுக்கு 250 பவுன் உதவித்தொகை தருவதாகப் பல்கலைக்கழகம் அறிவித்திருந்தது. அதை நன்றியுடன் ஏற்றுக்கொண்ட அவர், ஊர் திரும்பிய பின் இத்தொகை தம் தேவைக்கு மிகவும் அதிகம் என்றார். இங்கிலாந்துச் செலவுகள் தீர்ந்த பின் ஆண்டுக்கு 50 பவுன் பெற்றோருக்குத் தரவேண்டும். தம் அவசியச் செலவு போக மிஞ்சுவதைக் கல்விக்குச் செலவிட வேண்டும். குறிப்பாக, ஏழைப் பிள்ளைகள், அநாதைகள் ஆகியோரின் பள்ளிக் கட்டணத்தைக் குறைக்கவும் பள்ளிகளுக்குப் புத்தகம் வாங்கவும் பயன்பட வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். நோயினால் இரண்டாண்டுகளாக முன்போல் கணிதம் செய்ய இயலவில்லை என்று வருத்தமும் தெரிவித்தார்.

பள்ளிக் கட்டணம், புத்தகம் ஆகிய இவ்விரண்டும் ஏன் அவர் நினைவுக்கு வந்தன? கும்பகோணம் கல்லூரியில் கணிதத்தில் மூழ்கி, ஆங்கிலத்தில் தவறி, உதவித்தொகையை இழந்தவர் அவர். ஒரு பருவக் கட்டணம் 32 ரூபாய். தந்தையின் ஒன்றரை மாதச் சம்பளம்! 1905இல் வீட்டில் சொல்லாமல் விசாகப்பட்டினத்திற்கே ஓடிப்போனார். காகிதம் வாங்க வசதியின்றிச் சிலேட்டில் கணக்குப் போட்டு முழங்கையால் அழித்தார். பதினான்கு ஆண்டுகள் கழிந்து, உலகப் புகழுக்கு நடுவிலும் அந்த 32 ரூபாயை அவர் மறக்கவில்லை என்றே நான் கருதுகிறேன்.

ஒன்று மட்டும் எனக்கு உறுத்துகிறது. அக்கடிதத்தில் பெற்றோர் உண்டு. மனைவி ஜானகியின் பெயர் தனியே இல்லை. 1919 பிப்ரவரி 27இல் கப்பலேறி, மார்ச் 27இல் பம்பாயில் இறங்கியவர், பதின்மூன்று மாதத்தில், 1920 ஏப்ரல் 26 அன்று, 32ஆம் வயதில் சென்னையில் இறந்தார். இளம் வயதில் விதவையான அந்த அம்மையார், தையல் கற்று, திருவல்லிக்கேணியில் தைத்துப் பிழைத்து, 1994 வரை வாழ்ந்தார். வெளிநாடு செல்லும் நம் பிள்ளைகள் கணக்கெழுதும்போது இவ்வரியையும் சேர்த்து எழுதட்டும்.

கமிட்டியாருக்கு ஒரு வேண்டுகோள். படித்து முடித்துத் திரும்பும் நம் பிள்ளைகளிடம் விருந்து கேட்கிறோம், அத்தர் கேட்கிறோம். இனி, ஒரு எத்தீம் பிள்ளையின் ஓராண்டுக் கட்டணத்தையும் கேட்போம். வேலை கிடைத்த பிறகு கொடுத்தாலும் போதும். ஜகாத் கணக்கோடு இதைக் கலக்காமல் தனிப் பேரேடு வைக்கலாம். பெறுகிற பிள்ளையின் பெயரை ஒலிபெருக்கியில் வாசிக்க வேண்டாம். வரிசையில் நிறுத்திப் புகைப்படம் எடுக்கவும் வேண்டாம். பணத்தை நேராகப் பள்ளியிலேயே கட்டிவிடுங்கள். ஜூன் மாதம் பள்ளி திறக்கும் முன்பே இதற்கு ஏற்பாடு ஆகவேண்டும்.