காட்டாற்று வெள்ளம்: மலையின் வானிலையை வாசித்தல்

 

மெர்கோங்கில் வானம் தெளிந்த காலையில், நெல்வயல்களுக்கு அப்பால் தெற்கே ஜெராய் மலை தெரியும். ஏறத்தாழ 1,200 மீட்டர் உயர்ந்து கடலோரம் தனித்து நிற்கும் அம்மலை, கடாரத்திற்கு வந்த பழங்காலக் கப்பலோட்டிகளுக்கு வழிகாட்டும் அடையாளமாக விளங்கியது. 2021 ஆகஸ்டு 18ஆம் நாள் அதுவே நமக்குக் கடுமையானதொரு பாடம் புகட்டியது. மலைமேல் கொட்டிய கனமழையால் சேறும் பாறையும் மரங்களும் கலந்த வெள்ளம் யான், மெர்போக் வட்டாரங்களில் பாய்ந்தது. அறுவர் மாண்டனர். ஓராண்டு நிறையுமுன், 2022 ஜூலை 4ஆம் நாள், பாலிங் மாவட்டத்துக் குப்பாங்கில் அதே துயரம் மீண்டும் நேர்ந்தது, மூவர் உயிரிழந்தனர்.

இமயத்தில் இத்தகைய அழிவைப் பனிச்சரிவு செய்கிறது. 2022 அக்டோபர் 4ஆம் நாள், உத்தரகாண்டில் மலையேற்றப் பயிற்சி பெற்றுவந்தோரில் இருபதுக்கும் மேற்பட்டோரை அது பலிகொண்டது. பழைய பனியின்மேல் புதுப்பனி உறுதியாய்ப் பற்றாமல் படியும்போது, ஒருவரின் காலடியே அதனைப் பெயர்த்துவிடக்கூடும். நம் மலைகளில் பனியில்லை. ஆயினும் இயல்பு ஒன்றே. பாறைமேல் மெல்லிதாய்ப் படிந்த மண், தொடர்மழையில் ஊறிக் கனத்துப் பிடிப்பிழந்து சரிகிறது. சரிந்த மண்ணும் மரமும் ஓடையை அடைத்து அணையாகின்றன. அவ்வணை உடையும்போது, தேங்கிய நீர் முழுவதும் ஒரே பாய்ச்சலாய் இறங்குகிறது. மலாய் மக்கள் இதனைக் 'கெபாலா ஆயர்', அதாவது நீரின் தலை என்பர்.

கடலிலிருந்து வரும் ஈரக்காற்று மலையில் மோதி மேலெழுந்து குளிர்ந்து மழையாகிறது. ஆதலால், அடிவாரத்தில் வெயில் காயும்போதே உச்சியில் மழை கொட்டலாம். நீராடுவோர் தலைக்குமேல் உள்ள வானத்தை மட்டும் பார்த்தால் போதாது. மலையுச்சியையும் பார்க்க வேண்டும். தெளிந்த நீர் கலங்குதல், சருகும் சுள்ளியும் மிதந்து வருதல், நீர்மட்டம் திடீரென உயர்தல் அல்லது தாழ்தல், மேலிருந்து இரைச்சல் கேட்டல் ஆகியவை எச்சரிக்கைகள். இவற்றுள் ஒன்று தோன்றினாலும் உடைமைகளைத் தேடாது உடனே கரையேறி, மேட்டு நிலம் சேர வேண்டும். ஆற்றின் போக்கிலேயே ஓடுதல் கூடாது. வெள்ளம் நம்மினும் விரைந்தோடும்.

மொழி மன்றத்தில் இதனை ஏன் பேசுகிறோம்? 'காட்டாற்று வெள்ளம்போல் பேசினார்' என்று நம் மாணவர் கட்டுரையில் எழுதுகின்றனர். நாமும் மகிழ்ந்து மதிப்பெண் வழங்குகிறோம். மலையோரம் வாழ்ந்த முன்னோர் கண்ணால் கண்டு பெயரிட்ட ஆபத்து, நம்மிடையே வெறும் அணியாகிவிட்டது. அச்சொல்லின் பொருளை மீட்டுத் தருவது ஆசிரியர் கடமை. அடுத்த விடுமுறையில் ஓடைக்குச் செல்லும் மாணவன் ஒருவன், நீர் கலங்கக் கண்டு, 'காட்டாறு வருகிறது, கரையேறுங்கள்!' என்று குரல் கொடுப்பானாயின், நாம் கற்பித்த தமிழ் அன்று உயிர் காக்கும்.