சாட்டையைச் சொடுக்கும் முன்



1981-இல் வந்த 'ரெய்டர்ஸ் ஆஃப் தி லாஸ்ட் ஆர்க்' படத்துக்காக அமெரிக்காவில் டேவிட் மார்கன் கங்காருத் தோலில் பின்னிய சாட்டையின் மறுபதிப்பு ஒன்று, பத்தடி நீளம், என்னிடம் இருக்கு. "மாடு மேய்க்கவாடா?"ன்னு விடுதி நண்பர்கள் கேட்கிறாங்க. கேட்கட்டும்!

'பளீர்' சத்தம் எதன்மேலும் அடிப்பதால் வருவதில்லை. சாட்டையில் ஓடும் வளைவு நுனியை நெருங்கும்போது ஒலியின் வேகத்தை, நொடிக்குச் சுமார் 340 மீட்டரை, மிஞ்சுவதால் வருது. அந்த நைலான் நுனி கண்ணில் பட்டால் கண் போச்சு. ஆகவே பாதுகாப்புக் கண்ணாடி, தொப்பி, முழுக்கைச் சட்டை கட்டாயம். சுற்றிலும் இருபதடிக்குள் ஆள் கூடாது. பலம் வேண்டாம், நிதானமாக நேர்கோட்டில் வீசினாலே சொடுக்கும். 1984 படத்தின் முடிவில் கதாநாயகி இடுப்பில் சுற்றி இழுப்பாரே, அதை மட்டும் வீட்டில் செய்து பார்க்காதீங்க.

மாலை மைதானத்தில் வீசிக் காட்டுகிறேன். கண்ணாடி இரண்டுதான் இருக்கு; மற்றவங்க படிக்கட்டிலேயே உட்காருங்க.