பழைய நேரம், புதிய நேரம்

(நூற்றாண்டு விழாவையொட்டிய பழைய மாணவியர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளுக்கும் எமது முன்னோர் சூரியனைப் பார்த்தே பெயர் வைத்தார்கள்: எழுவான்கரை, படுவான்கரை. 1996இல் அந்த இரு கரைகளுக்கும் இரண்டு நேரம் வந்தது. மின் தட்டுப்பாடு காரணமாக அரசாங்கம் மே மாதத்தில் கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்னே நகர்த்தியது. ஒக்ரோபரில் அதில் அரைமணித்தியாலத்தைக் குறைத்தது. புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த படுவான்கரை பழைய நேரத்திலேயே நின்றது.

அப்போது நான் மாணவத் தலைவி. பிந்தி வருவோரின் பெயரெழுதும் கொப்பி என் கையில் இருந்தது. மண்முனைத் துறையில் படகுப்பாதை ஏறி, சோதனைச் சாவடி தாண்டி வரும் என் வகுப்புத் தோழி ஒருத்தியின் பெயர் அதில் அடிக்கடி ஏறும். அவள் வெயிலில் நிற்பாள். காரணத்தை நான் கேட்டதில்லை.

1997 பெப்ரவரி நடுப்பகுதியில் ஒருநாள் புவியியல் ரீச்சர் மைதானத்தில் தடியொன்றை நட்டு, நிழல் மிகக் குறுகும் நேரத்தைக் குறிக்கச் சொன்னார். என் கைக்கடிகாரத்தில் 12.47. தோழியுடையதில் 12.17. யாருடையது சரி என்று கேட்டோம்.

"சூரியனுக்கு இரண்டும் பிழைதான்" என்றார் ரீச்சர். பழைய நேரம் கிழக்கு நெடுங்கோடு 82½ பாகைக்கு உரியது. நாங்கள் அதற்குச் சற்று மேற்கே, ஏறத்தாழ 81.7 பாகையில் இருக்கிறோம். ஒரு பாகைக்கு 4 நிமிடம் என்பதால் எமக்கு உச்சிப்பொழுது 3 நிமிடம் பிந்துகிறது. பூமியின் அச்சு சரிந்தது. அது சூரியனைச் சுற்றும் வேகமும் ஒரே சீரானதல்ல. அதனால் பெப்ரவரி நடுவில் உச்சிப்பொழுது மேலும் 14 நிமிடம் பிந்தும். நவம்பர் தொடக்கத்தில் 16 நிமிடம் முந்தும்.

"சூரியனே பிந்தித்தான் வருது. அதன்ர பேரை ஆர் எழுதுறது?" என்று ரீச்சர் என்னைப் பார்த்தார். எல்லோரும் சிரித்தார்கள். தோழி சிரிக்கவில்லை.

பாடம் முடிந்ததும் அவளிடம் கேட்டேன். முதற் படகு பழைய நேரப்படிதான் புறப்படும் என்றாள். அதன்பின் அவள் பெயரை நான் எழுதவில்லை. எழுதியவற்றை அழிக்கவுமில்லை.

2006 ஏப்ரலில் முழு நாடும் அவளுடைய நேரத்துக்குத் திரும்பியது. 2014இல் மண்முனையில் பாலமும் வந்தது. இன்று கிளினிக்குக்குப் பிந்தி வருபவரிடம், "எந்த வழியால் வந்தனீங்கள்?" என்றே முதலில் கேட்கிறேன்.

இவ்வுரை மலரில் வரும் என்றார்கள். தோழி, நீ எந்த நாட்டிலிருந்து இதை வாசித்தாலும், அந்தக் கொப்பிக்காக என்னை மன்னித்துக்கொள்.