தோன்றா எழுவாய்

(மொன்றியலில் இருந்து இணையவழி நேரலையில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

இலண்டனிலும் பாரிஸிலும் நித்திரைக்குப் போகிற நேரத்தில் இணைந்திருக்கிறீர்கள். சிட்னியில் காலைத் தேத்தண்ணியோடு இருப்பீர்கள். எல்லோருக்கும் நன்றி. நாவல், கவிதை என்று பேசிவந்த இந்த அரங்கில் இன்றைக்குப் படம் எடுப்பதைப் பற்றிப் பேசப்போகிறேன். இதுவும் இலக்கியத்துக்குப் பக்கத்து வீட்டு விஷயம்தான்.

பள்ளிக்கூடத்தில் எழுவாய், பயனிலை படித்திருப்போம். ‘கண்ணன் வந்தான்’ என்றால் கண்ணன் எழுவாய். ‘வந்தேன்’ என்று மட்டும் சொன்னால், ‘நான்’ சொல்லப்படாமல் உள்ளே நிற்கிறது. அதைத் தோன்றா எழுவாய் என்பார்கள். ஒளிப்படத்துக்கும் ஓர் எழுவாய் வேண்டும். இந்தப் படம் யாரைப் பற்றியது, எதைப் பற்றியது என்று பார்த்த உடனே தெரிய வேண்டும். படம் எடுக்கக் கற்றுத்தருகிறவர்கள் முதல் பாடமாகச் சொல்வது இதைத்தான். நம்முடைய வீட்டு அல்பங்களில் இது எப்படி இருக்கிறது என்பதுதான் என்னுடைய கேள்வி.

நம்மவர் ஒருவர் இறந்தால் முதலில் தேடுவது ஒரு படத்தை. மரண அறிவித்தலுக்கு வேண்டும், மண்டபத்தில் மாலை போட்டு வைக்க வேண்டும், முப்பத்தோராம் நாள் மலரின் அட்டைக்கு வேண்டும். கைத்தொலைபேசியில் ஆயிரக்கணக்கான படங்கள் இருக்கும். ஆனால் அம்மம்மாவின் படம் என்று ஒன்று கிடைக்காது. கலியாண மேடையில் இடமிருந்து ஏழாவதாக நிற்பார். பிறந்தநாள் கேக்குக்குப் பின்னால் பாதி முகமாக இருப்பார். கடைசியில் அந்தக் கலியாணப் படத்தில் இருந்துதான் அவரை வெட்டி எடுப்பார்கள். அறிவித்தல்களைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். தோளோரத்தில் வேறு யாருடையதோ ஒரு சேலைக் கரை இருக்கும். பின்னால் மண்டபத்தை அழித்து நீல வானமும் முகிலும் ஒட்டியிருப்பார்கள். எண்பது வருடம் வாழ்ந்த ஒருவர், ஒரு படத்திலாவது எழுவாயாக இருக்கவில்லை என்பதற்கு அந்தச் சேலைக் கரை சாட்சி.

இடம்பெயர்வில் அல்பங்களை இழந்தோம் என்பது உண்மை. 1995 ஒக்டோபர் கடைசியில் யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்டவர்கள் எதைத் தூக்கியிருப்பார்கள்? உறுதியையும் நகையையும் பிள்ளையையும் தூக்குகிற கையில் அல்பத்துக்கு இடமில்லை. அதற்கு நாங்கள் பொறுப்பில்லை. ஆனால் இங்கே வந்து முப்பது, நாற்பது வருடமாக, கையில் கமெராவோடு இருந்தும் ஏன் இப்படி?

இதற்கு மொன்றியலிலேயே ஒரு பழைய கதை இருக்கிறது. வில்லியம் நோட்மன் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் 1856இல் இங்கே வந்து, புளூரி வீதியில் ஸ்ரூடியோ வைத்தார். விக்ரோரியா பாலம் கட்டப்பட்டதைப் படமெடுத்துப் பெயர் பெற்றவர். அவருடைய ஸ்ரூடியோவின் பெரும் சேகரம் இன்றைக்கு மக்கில் பல்கலைக்கழகத்துக்கு எதிரே, ஷெர்புரூக் வீதியில் உள்ள மக்கோர்ட் ஸ்ருவர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1870இல் விக்ரோரியா பனிச்சறுக்கு அரங்கில் மாறுவேடக் களியாட்டம் ஒன்று நடந்தது. விக்ரோரியா மகாராணியின் மகன் இளவரசர் ஆதரும் வந்திருந்தார். அந்தக் காலத்துக் கமெராவால் மங்கிய வெளிச்சத்தில் வழுக்கி ஓடுகிற கூட்டத்தைப் பிடிக்க முடியாது. நோட்மன் என்ன செய்தார்? வந்தவர்களை வேடத்தோடு ஸ்ரூடியோவுக்குக் கூப்பிட்டு, தனித்தனியாகப் படமெடுத்து, உருவங்களை வெட்டி, வரைந்த அரங்கத்தின் மேல் ஒட்டினார். ஹென்றி சாண்டம் போன்ற ஓவியர்கள் அதற்கு நிறம் தீட்டினார்கள்.

அந்தப் படத்தைப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். நூற்றுக்கும் மேற்பட்டவர்கள். ஒரு முகமும் மறைபடவில்லை. கடைசி வரிசைக்காரருடைய தொப்பிகூடத் தெளிவாக இருக்கிறது. காரணம் எளிது: தன் முகம் தெரிகிறவர்தான் ஒரு பிரதி வாங்குவார். ஆனால் கொஞ்ச நேரம் பார்த்தால் கண் களைத்துப்போகும். எங்கே தரிப்பது என்று தெரியாது. இளவரசரையே தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். எல்லோரும் இருக்கிறார்கள், ஒருவரையும் சந்திக்க முடியவில்லை.

நம்முடைய கலியாண மேடைப் படமும் இதே கணக்குத்தான். யாரையும் விட்டால் மனக்குறை வரும். ‘பெரியப்பா குடும்பத்தைக் கூப்பிடேல்லை’ என்ற கதை பத்து வருடம் ஓடும். ஆகவே எல்லோரையும் நிறுத்துகிறோம். அதில் பிழையில்லை. அது வருகைப் பதிவேடு. குடும்பத்துக்குப் பதிவேடு வேண்டும்தான். பதிவேடு மட்டுமே மிஞ்சுவதுதான் துக்கம்.

நேர் எதிர்ப்பக்கத்தில் யூசுப் கார்ஷ் நிற்கிறார். ஆர்மேனியர், மார்டினில் பிறந்து, இனப்படுகொலைக் காலத்தில் தப்பிய சிறுவன். கியூபெக் மாகாணத்தின் ஷெர்புரூக் நகரில் படப்பிடிப்புக் கலைஞராக இருந்த மாமனிடம் வந்து சேர்ந்து, பிறகு ஒட்டாவாவில் தொழில் தொடங்கினார். 1941 டிசம்பர் 30 அன்று ஒட்டாவா நாடாளுமன்றக் கட்டடத்தில் சேர்ச்சிலின் வாயில் இருந்த சுருட்டைக் கையால் எடுத்துவிட்டு, அந்த முறைப்பைப் படமாக்கியவர் அவர்தான். பின்னணி இருட்டு, முகத்திலும் கையிலும் வெளிச்சம். எழுவாயைத் தேட வேண்டிய அவசியமே இல்லை. கடையில் விற்கும் பாடநூல்கள் சொல்கிற ‘பின்னணியைச் சுத்தமாக்கு’ என்பதன் உச்சம் அது.

ஆனால் எங்களுக்கு அது முழுதாகப் பொருந்துமா? சேர்ச்சில் எங்கே இருந்தார், என்ன வீட்டில் வாழ்ந்தார் என்பதை உலகம் வேறு வழியில் அறியும். அம்மம்மாவின் குசினியை யார் எழுதி வைத்திருக்கிறார்கள்? தையல் மெசின், சுவாமி அறையில் தொங்கும் கலண்டர், ஜன்னலடியில் மாவாளி வாளியில் வளரும் கறிவேப்பிலை: இவற்றைக் குப்பை என்று ஒதுக்கினால் வரலாற்றையும் சேர்த்தல்லவா ஒதுக்குகிறோம்?

இந்த இடத்தில்தான் எனக்கு சாம் டாட்டா முக்கியமாகப் படுகிறார். ஷாங்காயில் 1911இல் பிறந்த பார்சிக்காரர். 1948இல் பம்பாயில் ஹென்றி கார்ட்டியே-பிரெஸோனைச் சந்தித்தது அவருடைய பார்வையை மாற்றியது. 1949இல் ஷாங்காய் கைமாறிய நாட்களைப் படமெடுத்தார். 1956இல் மொன்றியலுக்குக் குடிவந்தார். கனடாவின் எழுத்தாளர்களையும் ஓவியர்களையும் அவர்களுடைய இடத்திலேயே, சின்னக் கமெராவோடு, இருக்கிற வெளிச்சத்தில் எடுத்தார். அறை நிறையப் புத்தகமும் சட்டகமும் கதிரையும் இருக்கும். ஆனாலும் நம் கண் நேரே அந்த மனிதரிடம் போய்த்தான் நிற்கும். பொருட்கள் அவரைச் சூழ்ந்து நிற்கின்றன, அவரோடு போட்டி போடவில்லை. எழுவாய் தெளிவாக இருந்தால் வாக்கியத்தில் அடைமொழிகள் எத்தனை வந்தாலும் பொருள் குழம்பாது. அதுதான் அவருடைய பாடம்.

சரி, இதை எப்படிச் செய்வது? நம் வீடுகளில் செய்யக்கூடியதைச் சொல்கிறேன்.

முதலில், எடுக்கும் முன் மனதுக்குள் ஒரு வாக்கியம் சொல்லுங்கள். ‘அம்மம்மா அரிசி புடைக்கிறா.’ வாக்கியம் வந்தால் படம் வரும். வாக்கியத்தில் இல்லாத பொருள் சட்டத்தின் ஓரத்தில் நின்றால், ஓரடி இடமோ வலமோ நகருங்கள். பாதிப் பிழைகள் அந்த ஓரடியிலேயே தீரும். தலைக்குப் பின்னால் விளக்குக் கம்பமோ கதவு நிலையோ முளைப்பதும் அதிலேயே போய்விடும்.

இரண்டாவது, வெளிச்சம். கண் வெளிச்சமான இடத்துக்குத்தான் முதலில் போகும். மேலே எரியும் லைற்றை நிறுத்திவிட்டு, ஆளை ஜன்னலுக்குப் பக்கவாட்டில் இருத்துங்கள். முகம் பிரகாசமாகும், அறை தானாகப் பின்வாங்கும். அறையை அழிக்காமலே அடக்கிவிடலாம். தொலைபேசியில் பின்னணியை மங்கலாக்கும் வசதி இருக்கிறது. அதை அளவோடு பாவியுங்கள். அது தையல் மெசினையும் சேர்த்துக் கரைத்துவிடும்.

மூன்றாவது, பனி. எங்களுக்கு வருடத்தில் பல மாதம் இலவசமாகக் கிடைக்கும் வெள்ளைப் பின்னணி. நோட்மன் ஸ்ரூடியோவுக்குள் உப்பைக் கொட்டிப் பனியும், மினுக்கிய துத்தநாகத் தகட்டில் ஐஸும் உண்டாக்கினார். எங்களுக்கு வாசலிலேயே கிடக்கிறது. ஒரு எச்சரிக்கை: வெள்ளையை அதிகம் கண்டால் கமெரா படத்தை இருட்டாக்கும். பனி சாம்பலாகும், நம்மவர் முகம் கறுத்து விவரம் தொலையும். திரையில் முகத்தைத் தொட்டு, வெளிச்சத்தைக் கொஞ்சம் கூட்டுங்கள். நம் தோல் நிறத்துக்கு இது மிக அவசியம்.

நான்காவது, கூட்டம். டொலார்-டே-ஓர்மோவில் திருமுருகன் கோயில் தேர் நடக்கும்போது எல்லோரும் தேரையும் சனத்தையும் ஒன்றாக அடக்கப் பார்ப்பார்கள். ஒன்றைத் தெரிவு செய்யுங்கள். வடம் பிடித்த கைகள் போதும். தேங்காய் உடைக்கிறவர் போதும். நிழலில் செருப்பைக் கழற்றிவிட்டு இருக்கிற ஓர் ஆச்சி போதும். கிட்டப் போங்கள், குனியுங்கள், காத்திருங்கள். தேர் பின்னால் கொஞ்சமாகத் தெரிந்தாலும் அது தேர்த் திருவிழாதான்.

இத்தனையும் கைவேலை. இதற்கு மேல் ஒன்று இருக்கிறது. அதற்கு மறுபடியும் நோட்மன் ஸ்ரூடியோவுக்குப் போக வேண்டும்.

1885இல் பஃபலோ பில்லின் காட்சிக் குழு மொன்றியலுக்கு வந்தது. அதில் லகோட்டா தலைவர் சிற்றிங் புல்லும் இருந்தார். நோட்மன் ஸ்ரூடியோவில் இருவரையும் சேர்த்து ஒரு படம் எடுத்தார்கள். வரைந்த திரைக்கு முன்னால் இருவர், நடுவில் ஒரு துப்பாக்கி. ஒளிப்படக் கணக்கில் குறையே இல்லை; எழுவாய் தெளிவு. ‘76இல் பகைவர், 85இல் நண்பர்’ என்ற பொருளில் ஒரு தலைப்போடு அது பரவியது. இதே சிற்றிங் புல் 1877இல் தன் சனங்களோடு எல்லை கடந்து கனடாவில் தஞ்சம் கேட்டவர். பசி தாங்காமல் 1881இல் திரும்பிப்போய்ச் சரணடைந்தவர். 1890இல் கைதுசெய்ய வந்தவர்களால் கொல்லப்பட்டார். அவர் படத்தின் நடுவில் நிற்கிறார், ஆனால் வாக்கியம் வேறொருவருடையது.

அகதி என்ற சொல்லோடு வாழ்ந்த எங்களுக்கு இது விளங்கும். 1986 ஓகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 தமிழரை மீனவர்கள் மீட்டார்கள். அவர்களில் பலர் பிறகு மொன்றியலுக்கும் ரொறன்ரோவுக்கும் வந்தார்கள். செய்திகளில் அவர்கள் ‘படகு மனிதர்கள்’. எண்ணிக்கை இருந்தது, முகத்துக்குப் பெயர் இல்லை. ஒருவரை எழுவாயாக்குவது என்றால் சட்டத்தின் நடுவில் வைப்பது மட்டும் போதாது. அவர் தன்னை எப்படிக் காட்ட விரும்புகிறார் என்று கேட்பதும் அதில் அடங்கும். எந்தச் சேலை, எந்தக் கதிரை, கண்ணாடி போடுவதா கழற்றுவதா என்பது அவருடைய தெரிவு. ‘என்னை ஏன் பிள்ளை எடுக்கிறாய், மூஞ்சை சரியில்லை’ என்று அம்மாமார் சொல்வார்கள். பத்து நிமிடம் கதை கேளுங்கள். அந்தக் கதைக்கு நடுவில் முகம் தானாக வந்து நிற்கும்.

இன்னொன்று. நம் வீடுகளில் எத்தனையோ பெண்கள் படத்தில் இல்லாததற்குக் காரணம், அந்த நேரம் அவர்கள் குசினியில் நின்றார்கள் என்பதுதான். பந்தியில் எல்லோரும் சிரிக்கிற படம் இருக்கிறது, சமைத்தவர் இல்லை. வாக்கியம் முழுவதையும் நடத்திக்கொண்டு, வாக்கியத்துக்குள் வராமல் நிற்கிறவர். தோன்றா எழுவாய் என்று நான் சொன்னது அவர்களைத்தான்.

ஆகவே என் வேண்டுகோள் சின்னது. இந்தக் கிழமை முடிவில், வீட்டில் வயதில் மூத்த ஒருவரை, அவருடைய இடத்தில், அவர் விரும்பிய மாதிரி, தனியாக ஒரு படம் எடுங்கள். அதை அச்சடித்துப் பின்பக்கம் பெயர், ஊர், திகதி எழுதுங்கள். முக்கியமாக, அதை அவர் கையில் கொடுங்கள். மலருக்கு என்று வைத்திருக்க வேண்டாம். தன் படத்தை அவரே பார்க்க வேண்டும்.

கேள்விகள் இருந்தால் கதைப்போம்.