குற்றவாளி சென்சார்தானா?



என்ஜின் விளக்கு எரியுது, ஸ்கேனரில் பி0171 வருது. உடனே “ஆக்சிஜன் சென்சார் போச்சு, மாத்து” என்கிறார்கள். அந்தக் கோடு அப்படிச் சொல்லவே இல்லை. கலவையில் பெட்ரோல் குறைவு என்கிறது, அவ்வளவுதான். சேதி சொன்னவனை அடித்து என்ன பயன்?

1976-இல் வால்வோ காரில் அறிமுகமான இந்தச் சிர்கோனியா சென்சார், ஒரு குட்டி பேட்டரி மாதிரி. சுமார் 300 டிகிரி சூடானால்தான் பேசும். பெட்ரோல் கூடினால் 0.9 வோல்ட், குறைந்தால் 0.1, இரண்டுக்கும் நடுவே ஓயாமல் ஆடும்.

முதலில் மேனிஃபோல்டைப் பாருங்கள். சென்சாருக்கு முன்னால் கேஸ்கட் கசிந்தால் புகை வெளியேறுவதோடு, வெளிக்காற்றும் உள்ளே நுழையும். சென்சார் அதையும் சேர்த்து எண்ணிவிடும். கணினி பெட்ரோலைக் கூட்டும். மைலேஜ் போகும், நாளடைவில் கேட்டலிஸ்டும் கெடும். அதன் விலை தெரியுமல்லவா? கசிந்த இடத்தில் பெரும்பாலும் கரிக்கோடு இருக்கும்.

கசிவில்லையா? டிஜிட்டல் மல்டிமீட்டரை வையுங்கள். என்ஜின் சூடானதும் ஆக்சிலரேட்டரைச் சட்டென அழுத்தினால் வோல்ட் ஏறணும், விட்டால் இறங்கணும். அசையாமல் கிடந்தால் ஹீட்டரையும் வயரையும் பார்த்துவிட்டுத் தாராளமாக மாற்றுங்கள். ஒன்று, இப்போதைய பல கார்களில் முன் சென்சார் வேறு வகை; அங்கே இந்த வோல்ட் கணக்கு செல்லாது.