அன்னாளின் தலைமேல் ஒரு புறா

(ஆதரவாளர் கூடுகையில் அளிக்கப்பட்ட செய்தி)



இன்று ஒரு பழைய படத்தின் உதவியோடு, வேதத்திலுள்ள ஒரு முதிய தாயைப் பற்றிப் பேச விரும்புகிறேன்.

ஹாலந்து தேசத்து ஓவியர் ரெம்ப்ராண்ட், ஏறக்குறைய 1640ஆம் ஆண்டில் செய்த செப்புத்தகட்டுப் படம் அது. குழந்தை இயேசுவை தேவாலயத்திற்குக் கொண்டுவந்த நிகழ்ச்சியைக் காட்டுகிறது. மெழுகு பூசிய செப்புத்தகட்டில் ஊசியால் கீறி, கீறிய கோடுகளை அமிலத்தால் அரிக்கச் செய்து, மை தடவி அச்சிடுவார்கள். ஆகவே இப்படங்களில் இருள் என்பது கோடுகள். ஒளியோ, கோடு படாத வெறும் காகிதம்.

படத்தில் சிமியோன் குழந்தையை ஏந்தி முழங்காலில் இருக்கிறார். நடுவே ஒரு மூதாட்டி கோலூன்றி நிற்கிறார். அவரே தீர்க்கதரிசியாகிய அன்னாள். அவர் தலைக்கு மேலே பரிசுத்த ஆவியானவரைக் குறிக்கும் புறா.

இது என்னை யோசிக்க வைத்தது. லூக்கா 2ஆம் அதிகாரம் 25 முதல் 27 வரையுள்ள வசனங்களில் ஆவியானவர் மூன்று முறை குறிப்பிடப்படுகிறார். மூன்றும் சிமியோனைக் குறித்தே. சிமியோன் சொன்ன வார்த்தைகளும் எழுதப்பட்டுள்ளன. அன்னாளின் வார்த்தை ஒன்றுகூட இல்லை. ஆனாலும் புறா அன்னாளின் தலைமேல் இருக்கிறது. ஏன்? லூக்கா அவரைத் தீர்க்கதரிசி என்கிறார். ஆவியானவர் இல்லாமல் தீர்க்கதரிசனம் ஏது? அந்த ஒரு சொல்லைத்தான் ஓவியர் வரைந்தார் என்று நினைக்கிறேன்.

கோலையும் பாருங்கள். அன்னாள் ஏழு வருஷமே கணவரோடு வாழ்ந்தவர், விதவை, 84 வயது. கோல் இல்லாமல் நிற்க முடியாத சரீரம். ஆவியானவருக்கு அது போதுமானதாயிருந்தது.

1631இல் இதே ஓவியர் தீட்டிய இன்னொரு படத்தில், அன்னாள் பெரிய வேதப்புத்தகத்தை வாசிக்கிறார். முகம் நிழலில் இருக்கிறது. ஒளியோ பக்கத்தின்மேலும், அதன்மேல் வைத்த சுருக்கம் விழுந்த கையின்மேலும் விழுகிறது.

நானும் பல வருஷங்கள் இப்பகுதியில் சிமியோனைப் பற்றியே பேசினேன். அன்னாளை ஒரு வரியில் முடித்துவிடுவேன். ஒருமுறை வயதான அம்மா ஒருவர், "ஐயா, இனி எனக்கு ஜெபிக்க மட்டுந்தான் முடியும்" என்றார். ஏதோ ஆறுதல் சொல்லி அனுப்பிவிட்டேன். இன்று அவர் வந்தால் இந்தப் படத்தைக் காட்டி, "அந்த 'மட்டும்' என்ற சொல்லை எடுத்துவிடுங்கள் அம்மா" என்பேன்.

இரவும் பகலும் உபவாசித்து ஜெபித்த அந்தத் தாய்தான், மீட்புக்குக் காத்திருந்த எல்லாரிடமும் குழந்தையைப் பற்றிச் சொன்னவர். உங்கள் சபையிலுள்ள அன்னாள்களைக் கண்டுகொள்ளுங்கள். கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக.