வட்டியில்லா நாட்கள்



வட்டியில்லாக் கடன் என்னும் சொல் இன்று கடன் அட்டை விளம்பரங்களின் வாயிலாக உங்கள் செவியில் விழுகிறது. காஞ்சிபுரத்துக்கு அது புதிய சொல் அன்று. எங்கள் ஊர்ப் பட்டு நெசவாளர் தம் முதலாளியிடம் முன்பணம் பெறுவார். அதற்கு வட்டி கிடையாது. ஆனால் அத்தொகையைத் திருப்பிக் கொடுக்கும் வரையில் அவர் பிறருக்கு நெய்தல் இயலாது. கூலி குறைவு என்று வாதாடவும் இயலாது. நான் ஆசிரியப் பணி ஏற்ற காலத்தில், வருகைப் பதிவேட்டில் சில பெயர்கள் ஆறாம் வகுப்போடு நின்றுவிடும். வீடு தேடிச் சென்று பார்த்தால், பையன் தந்தையின் பக்கத்தில் அமர்ந்து கோர்வைக் கரைக்கு நாடா தள்ளிக்கொண்டிருப்பான். கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976-லேயே வந்துவிட்டது. எனினும் முன்பணம் இருந்தது. பையனும் தறியில் இருந்தான். அக்குடும்பம் வட்டியாக ஒரு காசும் கட்டவில்லை. கட்டியது அவனுடைய பள்ளிக்கூடத்தை.

இதற்கு நேர்மாறான ஒன்றும் இதே ஊரில் நிகழ்ந்தது. கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் பிறந்த 1904-ஆம் ஆண்டிலேயே, அக்டோபர் மாதத்தில், இந்தியாவின் முதல் நகரக் கூட்டுறவுக் கடன் சங்கம் காஞ்சிபுரத்தில் பதிவாயிற்று. அச்சங்கம் வட்டி வாங்கிற்று. வீதத்தைச் சொல்லியே வாங்கிற்று. அதற்கும் முன்னே செல்வோமானால், தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுக்கள் ஒரு காசுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு பொலிசை என்கின்றன. பொலிசை என்பது வட்டி. அதாவது 100-க்கு 12½. கல்லில் வெட்டியிருப்பதால் எவரும் படித்துக்கொள்ளலாம். இக்காலத்து அட்டையின் நிபந்தனைகளைப் படிக்கவோ பூதக்கண்ணாடி வேண்டும்!

இனி, அட்டைக்கு வருவோம். இந்தியாவில் சென்ட்ரல் பாங்க் 1980-ல் கடன் அட்டையை வழங்கியது. இன்று முதற் சம்பளம் வாங்கும் இளைஞரின் வீட்டு வாயிலுக்கே அட்டை வந்துவிடுகிறது. '50 நாள் வரை வட்டியில்லை' என்கிறார்கள். இதில் 'வரை' என்னும் சொல்லைக் கவனியுங்கள். உம் கணக்கு மாதந்தோறும் 5-ஆம் தேதி முடிகிறது, பணம் கட்டவேண்டிய கடைசி நாள் 25 என்று கொள்வோம். ஜூன் 6-ஆம் தேதி வாங்கிய பொருள் ஜூலை 5-ஆம் தேதிக் கணக்கில் சேரும்; ஜூலை 25-க்குள் கட்டலாம். ஆக, 49 நாள் கிடைக்கிறது. ஒரே ஒரு நாள் முந்தி, ஜூன் 5-ல் வாங்கியிருந்தால் கிடைப்பது 20 நாளே.

அந்த 49 நாளும் முழுத் தொகையையும் கட்டுபவருக்கே உரியவை. தமக்கையின் திருமணத்துக்கு ஜூன் 6-ல் 20,000 ரூபாய்க்கு ஒரு சேலை எடுத்தீர்கள். சீட்டில் 'குறைந்தபட்சம் கட்ட வேண்டியது 1,000' என்று அச்சிட்டிருக்கிறது. அதைக் கட்டிவிட்டு நிம்மதியாக உறங்குகிறீர்கள். அபராதம் இல்லை என்பது மெய். ஆனால் வட்டி, பொருள் வாங்கிய நாளிலிருந்தே ஓடத் தொடங்கிவிடுகிறது. மாதம் 3½ விழுக்காடு, ஆண்டுக்கு 42 என்று வையுங்கள். பல அட்டைகளில் வீதம் ஏறத்தாழ இதுவே. பென்சிலை எடுத்துப் போட்டுப் பாருங்கள்: 20,000-க்கு 49 நாள் வட்டி 1,127 ரூபாய். அதன்மேல் 18 விழுக்காடு வரி, 203 ரூபாய். நீங்கள் கட்டிய 1,000 வட்டிக்கே போதவில்லை! இன்னும் கேளுங்கள். பாக்கி முழுதும் தீரும் வரையில், அட்டையைக் கொண்டு ஒரு படி உப்பு வாங்கினாலும் அதற்கு வட்டியில்லா நாள் ஒன்றுகூடக் கிடையாது. அட்டையைக் கொண்டு ரொக்கம் எடுத்தால் அதற்குப் பெரும்பாலான அட்டைகளில் எக்காலத்திலும் கிடையாது.

இவ்வட்டிக்கு உச்சவரம்பு உண்டோ எனில், 30 விழுக்காட்டுக்கு மேல் வாங்குதல் முறையற்றது என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-ல் தீர்ப்பளித்தது. உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் அதனை நீக்கிவிட்டது. ஆகவே காவல் நம் கையில்தான்.

'பூஜ்ய வட்டித் தவணை' என்பது மற்றொன்று. பூஜ்ய வட்டி என்னும் கருத்தே உண்மையில் இல்லாதது என்று ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரில் வங்கிகளுக்குச் சுற்றறிக்கை விடுத்தது. வட்டி கட்டணம் என்ற பெயரில் ஒளிந்திருக்கும். அல்லது ரொக்கத்துக்குக் கடைக்காரர் தரும் தள்ளுபடி உங்களுக்கு மறுக்கப்பட்டிருக்கும். ரொக்க விலை என்ன என்று முதலில் கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சம் எதற்கு?

மேற்படிப்புக்கு அமெரிக்கா செல்வோர், புதிய அட்டைக்கு முதல் 12 அல்லது 18 மாதம் வட்டியில்லை என்னும் அறிவிப்பைக் காண்பர். அங்கு பெரும்பாலும் காலம் முடிந்தபின் எஞ்சிய தொகைக்கு மட்டுமே வட்டி. சில கடைகளின் அட்டைகளிலோ வட்டி ஒத்திவைக்கப்படுகிறதே அன்றித் தள்ளப்படுவதில்லை. ஒரு டாலர் மிஞ்சினும் முதல்நாள் தொட்டு வட்டி விழும். இத்தகைய அட்டையை ஏற்பவர், மொத்தக் கடனைச் சலுகை மாதங்களின் எண்ணிக்கையில் ஒன்று குறைத்து வகுத்து, அவ்வீவை மாதந்தோறும் கட்டிவரலாம். கடைசி மாதம் எதிர்பாராச் செலவுக்கு இடமாக இருக்கும்.

நம் நாட்டில், முழுத் தொகையையும் உரிய நாளில் வங்கிக் கணக்கிலிருந்து தானே எடுத்துக்கொள்ளும்படி எழுதிக் கொடுத்துவிடலாம். 'குறைந்தபட்சம்' என்னும் கட்டத்தில் குறியிடாதீர்கள். அட்டை வேண்டாமென்று தோன்றினால், பாக்கியைத் தீர்த்துவிட்டு மூடச் சொல்லி எழுதுங்கள். 2022-ல் ரிசர்வ் வங்கி பிறப்பித்த ஆணையின்படி, ஏழு வேலைநாளுக்குள் வங்கி அதனை மூடியாக வேண்டும். தவறினால் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 500 ரூபாய் வாடிக்கையாளருக்குக் கொடுக்க வேண்டும்.